கடைசிக் கறுப்பு மாடி

ஊரிலுள்ள அத்தனை கூரைக்கும் ரோட்டுக்கும் சூடேறாத வெள்ளைப் பூச்சு அடித்தாகிவிட்டது. மிச்சம் இந்த ஒரு கறுப்பு மாடிதான். ஸ்ப்ரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு படியேறி வந்த ஜெசிந்தா, வேலையை மறந்து அண்ணாந்து நின்றாள். தலைக்கு மேலே ஒரு பருந்து வட்டமடித்துக்கொண்டிருந்தது. மதுரையில் பருந்தைப் பார்த்து எத்தனை வருஷமாயிற்று!

"அக்கா, மீன்தலை ஏதும் போடுறீங்களா?"

"நாங்க சைவம்மா," என்றாள் வீட்டுக்காரி செண்பகம். "அது பாட்டுக்குத் தினம் வரும், போகும். நீ வெரசா அடி. கீழே பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு, ஒரே அழுகை."

பின்னே எதற்கு வருகிறது? ஜெசிந்தாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. குனிந்து தரையைத் தொட்டவள், "ஆத்தாடி!" என்று கையை உதறினாள். இலைகூட அசையாத அந்த மத்தியானத்தில், பெயிண்ட் டின்னிலிருந்து உரித்துப் போட்டிருந்த பாலிதீன் தாள் தானாக எழும்பி, அவள் முகத்தைத் தாண்டி மேலே மேலே போயிற்று. அதே வழியில்தான் பருந்தும் இறக்கையை அசைக்காமல் ஏறிக்கொண்டிருந்தது.

அப்படியென்றால் காற்றைச் சுடவைப்பது வெயில் இல்லை. வெயில் தரையைச் சுடுகிறது. தரைதான் காற்றைச் சூடாக்கி, பருந்தையும் சேர்த்து மேலே அனுப்புகிறது. அந்தத் தரையைத்தான் அவள் தெருத்தெருவாக ஆறவைத்திருக்கிறாள்.

கீழே பிள்ளை வீறிட்டது. ஜெசிந்தா விசையை அழுத்தினாள்.

பூச்சு காய்ந்ததும் செண்பகம் பிள்ளையோடு வெறுங்காலில் மாடிக்கு வந்தாள். பிள்ளை சிரித்தது.

"அங்க பாரு, பருந்து!" என்று காட்டினாள்.

அது இறக்கையை அடித்து அடித்து, ஊருக்கு வெளியே போய்க்கொண்டிருந்தது.