எண்ணெய் டின்னின் ஆயுள்

மளிகைக் கடை மூலையில் இருந்த டின்னில் எலிகள் ஓட்டை போட்டதும், நல்லெண்ணெய் சர்ரென்று பீய்ச்சியடித்தது. எலிக்கூட்டத்தின் கணிப்பு அதிகாரியான பெருச்சாளி அந்த முதல் வேகத்தை மட்டும் பார்த்துவிட்டு, "பேரன் பேத்தி காலம் வரைக்கும் ஓடும்! இனி யாரும் கடலை சேர்த்து வைக்க வேண்டியதில்லை" என்று அறிவித்தார்.

சுண்டெலி செவ்வந்திக்கும் குஷிதான். ஆசை தீர நக்கினாள், வாலில்கூடப் பூசிக்கொண்டாள். அப்புறம் டின்னைத் தட்டிப் பார்த்தாள். டங்கென்றது.

"ஐயா, மேலே காலியா இருக்கே?"

"அறிக்கை வந்தாச்சும்மா. இப்பப் போய்த் தட்டாதே!"

செவ்வந்தி கடலை பொறுக்கப் போனாள்.

பொழுது சாய்வதற்குள் எண்ணெய் சொட்டுச் சொட்டாகி, நின்றேபோனது. "குறையலை. வர்றதுக்குத்தான் கொஞ்சம் தாமதமாகுது" என்றார் பெருச்சாளி. அவர் வயிறு கடமுடவென்றது.

செவ்வந்தி சிரித்துக்கொண்டே எல்லோரையும் தன் வளை வாசலுக்குக் கூப்பிட்டாள். கடலைக் குவியலைக் கண்டதும் பெருச்சாளிக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது.

"இது தாராளமா இன்னும் பத்து வருஷத்துக்கு..."

எலிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே கொறித்தன. அவர் சொல்லி முடிப்பதற்குள் கடலை முடிந்திருந்தது.