புகை நின்ற மூன்று நாள்

மில் கேட்டை நசீருதீன் தட்டவில்லை. உதைத்தார்.

அறுபத்தெட்டு வயதில் அவர் எதையும் உதைத்து வெகுகாலமாகியிருந்தது. கால் கட்டைவிரல் விண்ணென்று வலித்தது. அந்த வலியும் கோபத்தோடு சேர்ந்துகொண்டது.

உள்ளே நெல் அவிக்கும் பாய்லர் ஆறிக் கிடந்தது. புகைபோக்கிக்குப் பின்னால் அண்ணாமலை கழுவி வைத்ததுபோல நின்றது. எழுபத்தாறில் இந்த மில் வந்ததிலிருந்து, இந்தத் தெருக்காரர்கள் மலையை இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை. ஏழு வருஷம்.

மூன்று நாளைக்கு முன்னால்தான் அவர் மனைவி பீபி ஜான் இறந்துபோனாள்.

ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு மில்லைக் கடக்கும்போது, தோள் கொடுத்தவர்களில் ஒருவர் சொன்னார். "பாத்தீங்களா, ஒரு மரியாதைக்கு மில்லையே நிறுத்திட்டாரு மொதலாளி."

எல்லோரும் மேலே பார்த்தார்கள். நிஜம்தான். புகை இல்லை.

இன்று மூன்றாம் நாள் பாத்திஹா முடிந்த கையோடு, போய் ஒரு வார்த்தை நன்றி சொல்லிவிட்டு வரச் சொன்னார்கள் பள்ளிவாசல் ஆட்கள்.

நன்றி!

ஏழு வருஷமும் அந்தப் புகைபோக்கி உமிச் சாம்பலைத் தெருமேல் கொட்டியது. காயப்போட்ட துணியில், தண்ணீர்க் குடத்தில், பரிமாறிய சோற்றில், கறுப்புப் பொடியாக. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடும். சம்பாதிக்கிறவர்கள் பஸ் ஏறிவிடுவார்கள். பகல் முழுக்க வீட்டில் கிடந்து அதை மூச்சாக இழுத்தவர்கள் வயதானவர்கள்தான். காலையில் பாங்கு சொல்வதற்கு முன்பே வீட்டுக்கு வீடு இருமல் கேட்கும்.

பீபி ஜான் கடைசியில் படுத்துத் தூங்குவதையே விட்டுவிட்டாள். படுத்தால் மூச்சு அடைத்தது. மடியில் இரண்டு தலையணையைப் போட்டு, அதன்மேல் கவிழ்ந்தபடி உட்கார்ந்தே விடிய வைப்பாள். நெஞ்சு சீல்சீலென்று சத்தம் போடும். நசீருதீன் பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். என்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லிவிடுவார். இந்தக் கோளாறும் அவருக்குத் தெரிந்ததுதான். சரிசெய்யத்தான் முடியவில்லை.

வயசாயிடுச்சு இல்ல, என்றார் டாக்டர்.

வயசாயிடுச்சு இல்ல பாய், என்றார்கள் நகராட்சியில்.

மில் முதலாளி ராமகிருஷ்ணன் உட்கார வைத்து, டீ கொடுத்துச் சொன்னான். ராத்திரி மட்டுமாவது நிறுத்தக் கூடாதா என்று கேட்டதற்கு, "பாய்லர அணைச்சா ஊறவச்ச நெல்லெல்லாம் நாறிப்புடும் பாய். இந்த வயசுல மூச்சு வாங்கறது சகஜந்தானே?" என்றான்.

பீபி ஜானுக்கு அறுபத்தொன்றுதான். அவளைப் பெற்றவள் எண்பதைத் தாண்டியும் அடி அண்ணாமலையிலிருந்து வெயிலில் நடந்தே வந்து மகளைப் பார்த்துவிட்டுப் போனவள்.

இன்று காலை பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் வாசலில் வந்து நின்றாள். அவளும் சுவரில் சாய்ந்தே ராத்திரியை ஓட்டுகிறவள். துக்க வீட்டில் சொல்லலாமா கூடாதா என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். "மூணு நாளா நான் படுத்துத் தூங்கறேன் பாய்."

அப்போதுதான் நசீருதீனுக்கு உறைத்தது.

அப்படியானால் நிறுத்த முடியும். அணைத்தால் அணையும். ஒன்றும் முழுகிப் போய்விடவில்லை. செத்தவளுக்கு மரியாதை செய்யத் தெரிந்தவனுக்கு, அவள் உயிரோடு இருந்தபோது ஒரே ஒரு ராத்திரி நிறுத்தத் தோன்றவில்லையா?

அதைக் கேட்கத்தான் வந்திருந்தார். நாலு பேர் காதில் விழ, சட்டையைப் பிடித்துக் கேட்க.

மில்லுக்குள்ளேயே இருந்த மாடி வீட்டிலிருந்து ராமகிருஷ்ணன் வேகமாக இறங்கி வந்தான். சவரம் செய்யாத முகம். கண்கள் சிவந்திருந்தன. நசீருதீன் கேட்டை விட்டு ஓர் அடி விலகினார்.

"சத்தம் போடாதீங்க பாய்." ராமகிருஷ்ணன் குரலைத் தாழ்த்தி மாடியைக் காட்டினான். "அம்மா இப்பத்தான் கண்ணசந்தாங்க. வேலூர் ஆஸ்பத்திரியில வச்சிருந்தோம். மூச்சே விட முடியல. பொகை கொஞ்சங்கூட ஆகாதுன்னுட்டாரு டாக்டர். அதான், கூட்டிட்டு வர்றதுக்கு முன்னாடியே போன் பண்ணி பாய்லர அணைக்கச் சொல்லிட்டேன். நேத்து ராத்திரிதான் வந்து சேந்தோம்."

மாடி ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. அதையும் மீறி ஓர் இருமல் வந்தது. நெடுநேரம் வந்தது.

நசீருதீன் அந்த ஜன்னலை அண்ணாந்து பார்த்தார்.

"நாளைக்கு பெங்களூர்ல அண்ணன் வீட்டுக்கு அனுப்பிடறோம். அங்க காத்து சுத்தமா இருக்கும். சாயங்காலமே பாய்லர் பத்த வச்சிடலாம்." ஏதோ நசீருதீனுக்கும் அது நல்ல சேதி என்பதுபோலச் சொன்னான் அவன்.

பிறகு, நோயாளியைப் பார்த்துக்கொள்கிற ஒருவன் இன்னொருவனிடம் விசாரிக்கிற அக்கறையோடு, நிஜமான அக்கறையோடு, கேட்டான்.

"உங்க வீட்டம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு பாய்?"

நசீருதீன் அவன் முகத்தையே பார்த்தார்.

"இப்ப மூச்சு வாங்கறதில்ல," என்றார்.

ராமகிருஷ்ணன் முகம் மலர்ந்தது.

"அப்படியா! எந்த டாக்டர்கிட்ட காட்டினீங்க?"