சோப்புப் போட்டுக் கழுவிய விதைகள்

மதில் ஓரத்து மண்ணில் வெயில் இதமாக விழுகிறது. ஆண்டுதோறும் குளிர் விட்ட முதல் ஞாயிறன்று அப்பாவும் மகளும் இங்கே சூரியகாந்தி விதைப்பது வழக்கம். இந்த ஆண்டு கோர்ட் அப்பாவுக்கு ஒதுக்கியிருப்பதோ இரண்டாவது ஞாயிறு, இரண்டு மணி நேரம். ஐந்து வயது மகள் தீப்பெட்டியைத் திறந்து நீட்டுகிறாள். பஞ்சின்மேல் ஏழு விதைகள் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் நகமளவு வேர் வெளியே வந்து, வாடிச் சுருண்டிருக்கிறது. “போன வாரமே அம்மா நட்டுட்டாங்கப்பா. நீங்கதானே நடணும்? அதான் நேத்து எல்லாத்தையும் தோண்டி எடுத்துட்டேன். சோப்புப் போட்டுக் கழுவிட்டேன்.” சமையலறை ஜன்னலுக்குள் பாத்திரம் தேய்க்கும் ஓசை நிற்கிறது. “இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு,” என்று அம்மாவின் குரல் மட்டும் வருகிறது. அப்பா மண்டியிட்டு, மகளின் குட்டி விரலால் குழி போட வைத்து, செத்த விதைகளை ஒவ்வொன்றாக உள்ளே வைத்து மூடுகிறார். அவள் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து சிந்தாமல் ஊற்றுகிறாள். பிறகு அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதோடு சொல்கிறாள்: “முளைக்கலைன்னா, அம்மா நட்டதுன்னு சொல்லிக்கலாம்பா.”

“சரிடா கண்ணு,” என்கிறார் அப்பா, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.