மதகுத் தொட்டியில் மதியச் சாப்பாடு

தேவாலயத்தில் பன்னிரண்டு அடித்து ஓய்வதற்குள் கால்வாயில் படகுகளை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் சோலாஞ், அதன் கதவைத் திருகும் இரும்புக் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறாள். "தண்ணியெல்லாம் வடிஞ்சாச்சே, கதவைத் திறந்துட்டுப் போனா என்ன?" என்று கீழே படகிலிருந்து கிஸ்லேன் கேட்கிறாள். "ஒரு மணிக்குத் திறப்பேன், மேடம். சூப்பு ஆறிடும்." இரண்டு பக்கமும் பாசி பிடித்த உயரமான கல்சுவர். வெயில் சுவரில் பாதிவரை இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. மூடிய கதவிடுக்கில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. கிஸ்லேன் விரிப்பைப் போட்டு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்து வைக்கிறாள். அவள் பெட்டி பூட்டியபடி படகின் படியருகே தயாராக நிற்கிறது. கணவன் ஃபெர்னான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன். வழியில் கடந்த பாலம், கோட்டை ஒன்றையும் விடாமல் அது கட்டப்பட்ட வருஷத்தைச் சொல்லிக்கொண்டே வந்தான். "இன்னும் ஒரு வருஷம் சொன்னே, அடுத்த ஊர்ல ரயிலேறிடுவேன்" என்று காலையில்தான் சொல்லியிருக்கிறாள். இப்போது அவன் முகத்துக்கு நேரே, தண்ணீர் வடிந்த கல்லில், என்றோ ஒரு கல்தச்சன் தன் அடையாளமாகச் செதுக்கிய சின்ன மீன் ஈரத்தில் மின்னுகிறது. ரொட்டி பிய்த்த கை நிற்கிறது. வாய் திறக்கிறது, பிறகு மூடிக்கொள்கிறது. மொறுமொறுப்பான ரொட்டி முனையை அவள் தட்டில் வைக்கிறான். கிஸ்லேன் மீனைப் பார்க்கிறாள், அவனைப் பார்க்கிறாள். "சரி, சொல்லித் தொலை. எந்த வருஷம்?" அவன் அவள் கோப்பையில் ஒயினை ஊற்றுகிறான். "தெரியல." "பொய்" என்கிறாள், பெட்டியைக் காலால் பெஞ்சுக்கு அடியில் தள்ளிக்கொண்டே.