பழம் நசுங்கினால்

"பிரேக் சாமானே கிடைக்காத காரை வச்சு என்ன செய்யப்போற? இரும்புக்குப் போட்டுரு" என்றார் வேலாண்டி, செண்பகவல்லியின் இறந்துபோன கணவனுக்கு அண்ணன். பழைய இரும்புக்காரனையும் கையோடு கூட்டி வந்திருந்தார்.

அந்தக் காலத்துப் பிரேக் சிலிண்டருக்கேற்ற ரப்பர் எந்த ஊரிலும் கிடைக்கவில்லை என்பது உண்மைதான். அதனால் ஆட்டோ ரப்பருக்கேற்றபடி சிலிண்டரின் துளையையே லேத் பட்டறையில் உள்ளே புஷ் என்கிற உலோகக் குழாய் செருகிச் சுருக்கியிருந்தாள் அவள். வண்டி புறப்படும்போது சக்கரத்தடியில் வைத்து நசுக்கும் எலுமிச்சம்பழத்தை வாசலில் நின்ற அவர் காலடியில் வைத்தாள்.

"பழம் நசுங்கினா வண்டியை எடுத்துக்கிடுங்க, அத்தான். நகராம நில்லுங்க."

அவள் ஏறி ஓட்ட, கார் அவரை நோக்கி வேகமாக வந்தது. புழுதி அடங்கியபோது இரும்புக்காரனைக் காணோம். அத்தான் கேட்டின் மேல் ஏறியிருந்தார். பழம் டயரை ஒட்டி முழுசாகக் கிடந்தது. இறங்கி எடுத்துத் தூசி தட்டினாள்.

"சர்பத் போடட்டுமா?"