கரண்டு போகாத ஊர்

ஏழு மணிக்கு மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினார்.

வீடு இருண்டது. ஃபிரிட்ஜ் ஒரு முனகல் முனகி ஓய்ந்தது.

சோபாவிலிருந்து அவள் குரல் வந்தது.

“ஏங்க, எப்ப வந்தீக?”

“இப்பத்தான்.”

“அந்தப் பெரியவர் போயிட்டாரா?”

“போயிட்டாரு.”

“நல்ல மனுசன். ஆனா குழம்புல உப்புப் போடத் தெரியல.”

அந்தப் பெரியவரும் அவர்தான்.

வெளிச்சத்தில் அவளுக்கு அவரை அடையாளம் தெரியாமல் போய் ஒரு வருஷமாகிறது. அவள் மனசில் இருந்த புருஷனுக்கு இருபத்தெட்டு வயது. தலை நிறைய முடி. வீட்டுக்குள் நடமாடும் வழுக்கைக் கிழவரை அவள் மரியாதையாகத்தான் நடத்தினாள். ஆனால் அந்நிய ஆம்பிளை படுக்கையறைப் பக்கம் வரக்கூடாது. அவர் ஹாலில் படுத்தார்.

இருட்டில் குரல் மட்டும்தான். குரலுக்கு வழுக்கை விழவில்லை.

இதை அவர் கண்டுபிடித்தது நவம்பரில், அடுப்பும் ஹீட்டரும் சேர்ந்து ஓடி ஃபியூஸ் போன ஒரு சாயங்காலம். ஸ்வீடனின் வடகோடியில் முப்பத்தாறு வருஷம் இருந்து அவர் பார்த்த முதல் கரண்டு கட்டும் அதுதான்.

விளக்கை மட்டும் அணைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். விளக்கை அணைத்தால் அணைத்தவன் யாரென்று பயம் வரும். கரண்டு போனால் யார்மேலும் சந்தேகமில்லை. அது ஊர் வழக்கம்.

அவர்களுடைய சொந்த ஊரில் கரண்டு போகாத நாள் என்று ஒன்றே ஒன்று இருந்தது. அன்றைக்கு என்னமோ ஏதோவென்று பாதி ஊர் திரண்டு லைன்மேன் சண்முகையா வீட்டு வாசலில் போய் நின்றது.

சண்முகையாவிடம் எதற்கும் ஒரே பதில்தான். “இந்தா, அஞ்சு நிமிசம்.”

அவர் அஞ்சு நிமிசம் என்று சொன்னால் பெண்கள் அரிசியை ஊறப்போட்டு, உளுந்தையும் ஊறப்போட்டு, இரண்டையும் ஆட்டி எடுத்துவிடுவார்கள்.

இருட்டில் அவளும் அதைத்தான் கேட்பாள்.

“எப்ப வருமாம்?”

“சண்முகையா அஞ்சு நிமிசங்காரு.”

“அப்ப நேரமிருக்கு” என்று கையை நீட்டுவாள். அவர் பிடித்துக்கொள்வார்.

ரேசனில் மண்ணெண்ணெய் போட்டாச்சா என்பாள். போட்டாச்சு, ரெண்டு லிட்டர் என்பார். தெருக்குழாயில் தண்ணி வந்துச்சா? வந்தது. மழைக்குச் சேறாகிற ரோடு? தார் போட்டாயிற்று. எந்த மந்திரியாலும் முடியாததையெல்லாம் அவர் அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார்.

அரை மணி நேரம்தான். அதற்குமேல் வீடு சில்லிட்டுவிடும். வெளியே மைனஸ் இருபத்தைந்து.

பிப்ரவரியில் மின்சாரக் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தங்கள் வீட்டில் தினமும் அரை மணி நேரம் மின்சாரம் நின்றுவிடுவதை எங்கள் கருவி காட்டுகிறது. மிகவும் வருந்துகிறோம்.

அவர் யாரிடமும் முறையிடவில்லை. ஆனாலும் சொன்ன நாளில், சொன்ன நிமிடத்தில் ஓர் இளைஞர் வந்து நின்றார். பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு மூன்று மணி நேரம் ஒவ்வொரு ஒயராகச் சோதித்தார். பழுது எதுவும் அகப்படாத துக்கத்தில் மீட்டரையே மாற்றினார்.

போகும்போது இவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். இனிமேல் உங்கள் வீட்டில் ஒரு விநாடிகூடக் கரண்டு போகாது.

எழுபத்தோரு வயதில் அப்படியொரு மிரட்டலை அவர் கேட்டதில்லை.

அன்றைக்கு ஏழு மணிக்குச் சுவிட்சைத் தள்ளினார்.

போனது.

ஏப்ரலில் சூரியன் வந்தது.

அதற்கு மெயின் சுவிட்ச் கிடையாது.

ஏழு மணிக்கு வெயில். மே மாதம் பத்து மணிக்கும் வெயில். ஜூன் பிறந்ததும் நடுராத்திரியிலும் ஜன்னலில் வெயில்.

கனத்த திரை வாங்கி மாட்டினார். இழுத்து மூடியதும் அவள் அலறினாள். முன்பின் தெரியாத ஆம்பிளை ஜன்னலை மூடினால் எந்தப் பெண்தான் அலறமாட்டாள்? கழற்றி மடித்து வைத்தார்.

ஏழு மணிக்குச் சுவிட்சைத் தள்ளுவதை மட்டும் விடவில்லை.

தள்ளினார். ஃபிரிட்ஜ் முனகி ஓய்ந்தது. வெயில் அப்படியே இருந்தது.

திரும்பினார்.

அவள் பின்னால் வந்து நின்றிருந்தாள். மெயின் பெட்டியைப் பார்த்தாள். அதன்மேல் இருந்த அவர் கையைப் பார்த்தாள். பிறகு முகத்தை.

அவள் கண்ணில் ஏதோ தெளிந்தது. யாரென்று தெரிந்துவிட்டது.



“சண்முகையா அண்ணாச்சியா?” என்றாள்.

அவர் கையை எடுக்கவில்லை.

“கரண்டு எப்பப் போகும் அண்ணாச்சி? இருட்டுனாத்தான் அவுக வருவாக.”

ஜன்னலைப் பார்த்தார். அந்த ஊரில் இனி நன்றாக இருட்டுவது ஆகஸ்டு கடைசியில்.

“இந்தா, அஞ்சு நிமிசம்மா.”

“அப்ப நேரமிருக்கு” என்று சொல்லிவிட்டு அவள் சீப்பைத் தேடினாள்.

அவர் எடுத்துக் கொடுத்தார்.