விஞ்ஞானி சொன்ன மழை

"எங்கை பிள்ளை, உன்ர மழை?"

ஞானசுந்தரம் மண்டப வாசலில் நின்று வானத்தைக் காட்டிக் கேட்டார். வெயில் கொளுத்தியது. பட்டு வேட்டிக்குள் மனிதர் வெந்துகொண்டிருந்தார்.

தங்கை யசோதினி வந்தவர்களுக்குப் பன்னீர் தெளிப்பதில் மும்முரமானாள்.

அவள் லேசுப்பட்டவள் இல்லை. வளிமண்டல விஞ்ஞானி. இருபது வருசமாக முகிலையும் காற்றில் மிதக்கிற தூசியையும் ஆராய்ந்து, போன மாதம்தான் ஒரு பெரிய புவி அறிவியல் ஆய்வு நிலையத்துக்குத் தலைவியாகியிருந்தாள். புலம்பெயர்ந்து லா சப்பலில் வாழ்கிற சொந்தபந்தங்களைப் பொறுத்தவரை அந்த ஆராய்ச்சியெல்லாம் ஒரே ஒரு கேள்விக்காகத்தான்: "சனிக்கிழமை மழை வருமோ?"

இந்தச் சனிக்கிழமை ஞானசுந்தரத்தின் மகள் நிரோஜினிக்குப் பூப்புனித நீராட்டு விழா. லா சப்பல் கடைத்தெருவால், இரட்டைக் குதிரை பூட்டிய திறந்த சாரட்டில் பிள்ளையை ஊர்வலமாகக் கொண்டுவர ஏற்பாடு. முன்னால் நாதஸ்வரம், மேலே ட்ரோன் கமரா. போன வருசம் நண்பர் ஸ்ரீஸ்கந்தராசா தன் மகளை ஹெலிகொப்டரில் இறக்கியிருந்தார். அதற்குப் பதில் கொடுக்காமல் இந்த ஊரில் நகைக்கடை நடத்தி என்ன பயன்?

முந்தின புதன்கிழமை யசோதினி அண்ணனுக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணை, சனிக்கிழமை இடி மின்னலோடை மழை. குதிரை மிரண்டால் பிள்ளைக்குத்தான் ஆபத்து. சாரட்டை விடுங்கோ."

"ஸ்ரீஸ்கந்தராசான்ரை போனிலை வெயில் எண்டு கிடக்குதாமே?"

"ஆய்வு நிலையத்துக்குத் தலைவி அவரின்ரை போனோ, நானோ?"

அன்றே ஞானசுந்தரம் குதிரைக்காரனுக்குப் போன் எடுத்தார். சாரட் ரத்து. பிள்ளை காரில் வந்து, பின்வாசலால் மண்டபத்துக்குள் போனாள்.

வானத்தில் மருந்துக்கும் ஒரு முகில் இல்லை.

"இவவை நம்பிப் பூமியையே குடுத்திருக்கிறாங்கள்," ஸ்ரீஸ்கந்தராசா சபைக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார். "லா சப்பலைப் பாக்கவே தெரியேல்லை!"

மண்டபம் குலுங்கிச் சிரித்தது.

யசோதினியைக் கௌரவிக்கவென்று வாங்கிவைத்த பொன்னாடை மேடைக்கு வந்தது. ஞானசுந்தரம் அதை ஸ்ரீஸ்கந்தராசாவுக்குப் போர்த்தினார். கைபேசியைத் தட்டிப் பார்த்த குற்றத்துக்காக அறிவிப்பாளர் அவரை "எங்கள் வானிலை அறிஞர்" ஆக்கினார்.

யசோதினியும் கை தட்டினாள். முகம் மட்டும் சிவந்து போயிருந்தது. உழைத்துச் சேர்த்த பெயரல்லவா, வலிக்கத்தான் செய்தது.

சாப்பாட்டு நேரம், நகைகள் கிலுகிலுக்க நிரோஜினி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மெர்சி, மாமி," என்று பிரெஞ்சில் நன்றி சொன்னாள். "ஆனா எல்லாரும் உங்களைப் பாத்துச் சிரிக்கினம். வெயில் எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே?"

"ஓம். புதன்கிழமையே தெரியும்."

"பிறகு ஏன் அப்பாட்டை மழை எண்டு சொன்னனீங்கள்?"

யசோதினி சிரித்தாள்.

"வகுப்புப் பிள்ளையள் பாக்க அந்த வண்டியிலை ஏறமாட்டன் எண்டு நீ ரெண்டு கிழமையாய் அழுதாய். அப்பா கேட்டவரோ? மழை எண்டவுடனை கேட்டார்!"